இரண்டு பேப்பர் அண்ணாச்சி

மேற்கு மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் பேப்பர் விற்கிறவருக்கு அண்ணாச்சியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "இன்னா நைனா, ஒரு கண்ணுக்கு ஒரு பேப்பரா?" என்பார். அண்ணாச்சி குனிந்து பேப்பர் கட்டைப் புரட்டுவார். ஒரே பேப்பரில் இரண்டு பிரதி எடுப்பார். இரண்டும் ஒரே மாதிரிதானா என்று முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு அக்குளில் செருகிக்கொண்டு நடப்பார். மழையோ கடையடைப்போ, இது மட்டும் மாறாது. ஒன்று குழந்தைகள் முன்னால் கிழிப்பதற்கு. மற்றது, கிழிந்தது ஒட்டிக்கொண்டது என்று விரித்துக் காட்டுவதற்கு.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனசு வரவில்லை. பெரியவர்களுக்கு அவர் அண்ணாச்சி, குழந்தைகளுக்குப் பேப்பர் மாமா. அதுவே போதும்.

நான் பிறந்தநாள் விழா நடத்திக் கொடுக்கிறவள். பலூன் வளைவு, பாப்கார்ன் மெஷின், முகத்தில் பூனை மீசை, கேக் வெட்டும்போது பறக்கிற ஜிகினா, எல்லாம் என் தலையில். மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ். கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். வாங்காமல் என்ன செய்வது? ஐந்து மணிக்கு விழா என்றால் ஐந்தேகாலுக்குப் பலூன்காரன் போனை எடுக்க மாட்டான். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள்கூட என்னிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் அண்ணாச்சிதான். அரை மணி முன்னால் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்.

உட்காரத் தெரியாது அவருக்கு. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் நின்ற கால் அது. கெண்டைக்கால் நரம்பெல்லாம் பச்சை பச்சையாகப் புடைத்திருக்கும். நான் அவரை முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். நாத்தனார் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். என் மகனுக்கு அப்போது நாலு வயசு. போன பத்தாவது நிமிஷம் தரையில் புரண்டு அழ ஆரம்பித்தான். யாரோ ஒரு ஒல்லியான ஆள் வந்து அவன் முன்னால் குந்தினார். புடவை மடிப்புக்குள் வைக்கிற வெள்ளைத் தாளை நாலாக மடித்தார், அங்கே இங்கே கிழித்தார், விரித்தார். பத்துப் பொம்மைகள் கைகோத்துக்கொண்டு நின்றன. அடுத்த தாளைச் சுருட்டி, கிழித்து, உள்ளேயிருந்து இழுத்தார். ஏணி மாதிரி அது மேலே மேலே போனது. என் பையன் அழுகையை எங்கே விட்டான் என்றே தெரியவில்லை. நாங்கள் மூன்று மணி நேரம் புடவை பார்த்தோம்.

"பிள்ளை அழுதா அம்மாமார் எந்திரிச்சுப் போயிருவாங்கல்லா, அதனால சூப்பர்வைசர் என்னைய இங்கயே போட்டுட்டாரு. சேல மடிக்கிற நேரத்தவிட பேப்பர் கிழிக்கிற நேரந்தான் சாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தார். கால் மேலும் முடியாமல் போய்க் கடையை விட்டபோது, அன்றைக்கு நான் கொடுத்த கார்டை இரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்து ஆபீசுக்குத் தேடி வந்தார். என் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்று பையிலும், அசலைச் சட்டைப்பையிலும் வைத்திருந்தார்.

எதிலும் இரண்டு. அதுதான் அவர். கறுப்புக் குடை இரண்டு. மூக்குக்கண்ணாடி இரண்டு. வீட்டுச் சாவி ஒன்று இடுப்பில், ஒன்று கழுத்துக் கயிற்றில். கேட்டால், "ஒண்ணை நம்பிக் கிழிக்கக் கூடாது தங்கச்சி" என்பார். வித்தையைப் பற்றிச் சொல்கிறாரா, வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறாரா என்று நான் யோசித்ததில்லை. எனக்கு எங்கே நேரம்?

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாமி அவரை மடக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெயில் கொளுத்துகிற நாளில் இரண்டு குடையோடு வந்து நின்றவரைப் பார்த்து, "ஏன் மாமா, ஆத்துலேர்ந்து வேற யாராவது வந்துண்டிருக்காளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு."

"ரெண்டும் தொலைஞ்சுடுத்துன்னா?"

எல்லாரும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கோயில் குளம் தாண்டுகிறவரை வெளியே பார்த்தபடி வந்தவர், "அந்தம்மா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலயே" என்றார். நான் அடுத்த விழாவுக்குக் கேக் சொல்வதில் இருந்தேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஒரு தடவை மட்டும் அவர் வீட்டு விஷயம் பேசினோம். "உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா அண்ணாச்சி?" என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன்.

"ஆச்சு. அது ஒண்ணுதான்" என்றார். செருப்பை இன்னும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "அவ போயி பன்னெண்டு வருசம் ஆகுது" என்றார்.

வித்தை பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது பேப்பரைச் சின்னதாக மடித்து முதல் பேப்பரின் முதுகில் ஒட்டியிருப்பார். குழந்தைகளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே முன்னால் இருப்பதை எட்டுத் துண்டாகக் கிழிப்பார். கைக்குள் கசக்குவார். காற்று வருகிற பக்கம் திரும்பி மூன்று தடவை ஊதுவார். விரித்தால் முழுப் பேப்பர். கிழிந்த எட்டுத் துண்டும் அதற்குள் அவர் சட்டைப்பைக்குப் போயிருக்கும். அதை விழா நடந்த வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடவே மாட்டார். குழந்தை கண்ணில் பட்டால் மனசு உடைந்துபோகும் என்று மாம்பலம் வரை கொண்டுவந்து ஸ்டேஷன் தொட்டியில் போடுவார். கிழிந்த நிஜப் பேப்பர் எப்போதும் அவர் பையில்தான் மாம்பலம் திரும்பும். இது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். தெரிந்தும் புத்தி வரவில்லை.

அவர் பேசாமல் வித்தை செய்வார். எனக்கு அது பிடிக்கவில்லை. "இந்தக் காலத்துப் பசங்க அண்ணாச்சி, நடுவுல கலகலன்னு ரெண்டு வார்த்தை விடுங்க" என்று நச்சரித்தேன். வசனத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். 'வீட்டுல பழசு, கிழிசல், எது இருந்தாலும் மாமாகிட்ட கொண்டு வாங்க. புதுசாக்கித் தரேன்!' அவர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டாவது இல்லாததை எந்தப் பிள்ளையாச்சும் கொண்டு வந்துட்டா?"

"ஐயோ, எந்தப் பிள்ளை வரப்போகுது? கை தட்டும், கேக் தின்னும், போயிடும். பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாதீங்க."

என் வசனம்தான் அது.

பாலவாக்கத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு. மீன் விற்கிற ஸ்டெல்லா தன் மகள் ஜெனிக்கு ஏழாவது பிறந்தநாள் வைத்திருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஸ்டெல்லாவின் புருஷன் ஈ.சி.ஆரில் பைக்கில் போகும்போது அடிபட்டுச் செத்துப்போயிருந்தான். கடலுக்குப் போகிறவன், ரோட்டில் போனான். போன வருஷம் பிறந்தநாளே இல்லை. "இந்த வாட்டி செஞ்சே ஆவணும்க்கா, அவன் இருந்தா தெருவையே கூட்டியிருப்பான்" என்று ஸ்டெல்லா சொன்னதால், நானும் ஜிகினாவைத் தாராளமாகவே பறக்கவிட்டேன்.

அந்த வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், ஒரு ரோஸ் கலர் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. யு.கே.ஜி.யில் கொடுத்த வீட்டுப்பாடமாம். அப்பா கையைத் தாளில் வைத்து நீல ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி வரைய வேண்டும். அதற்குள்ளே பிள்ளையின் கையைச் சிவப்பில் வரைய வேண்டும். வலை இழுத்த கை, அகலமாக இருந்தது. அதன் நடுவில் சின்னதாகச் சிவப்புக் கை. மழைக்குச் சுவர் ஓதம் ஏறி, நீலக் கையின் ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. நான் பலூன் கட்டும்போது, "அக்கா, அது மேல டேப் ஒட்டிடாதீங்க" என்று ஸ்டெல்லா இரண்டு தடவை சொன்னாள்.

அண்ணாச்சி வித்தை காட்டினார். என் வசனத்தையும் சொன்னார். எல்லாக் குழந்தையும் கைதட்டியது. ஜெனி மட்டும் தட்டவில்லை. எழுந்து வந்து, "மாமா, எந்தப் பேப்பர்னாலும் ஆவுமா?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன்.

"ஆகும் தாயி" என்றார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. ஸ்டெல்லாவின் குரலே சரியில்லை. "இன்னாக்கா சொல்லி வெச்சீங்க புள்ளைகிட்ட? மீன் எடுத்துகினு வந்து பாக்கறேன், செவுத்துல அந்தப் படத்தக் காணோம். வாசல்ல குந்திகினு அழுதுகினு கீது. எட்டா கிழிச்சேன், மூணு வாட்டி ஊதுனேன், ஆவலம்மான்றா. கறை போயி புதுசாவும்னு கிழிச்சுகீறாக்கா. அவங்கப்பன் கைன்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

போட்டோ இல்லையா என்று கேட்டேன், புத்திகெட்டவள். "போட்டோல மூஞ்சி கீது. கை எங்க கீது?" என்றாள்.

அண்ணாச்சியும் நானும் போனோம். பஸ்ஸில் அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "தங்கச்சி, அதுக்கு ரெண்டாவது இருக்குமா?"

"செத்தவன் கையை ரெண்டு தடவை எவன் வரைஞ்சு வெப்பான்?" என்று சிடுசிடுத்தேன். பயம் எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஜெனி அப்போது அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. துண்டுகளை டிபன் பாக்ஸில் போட்டு மூடி வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். "நான் ஊதுனது பத்தல மாமா. நீங்க ஊதுங்க" என்று நீட்டினாள். திறந்தால் ஐந்து துண்டு. மாமா செய்கிற மாதிரியே காற்றுப் பக்கம் திரும்பிக் கையை விரித்திருக்கிறாள். கடல்காற்று மூன்றைக் கொண்டுபோய்விட்டது. அண்ணாச்சி வெயிலில் அந்தத் தெரு முழுக்கத் தேடினார். காய்கிற வலைகளைத் தூக்கிப் பார்த்தார், சாக்கடைக்குள் குனிந்து பார்த்தார், படகுகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"டேப் போட்டு ஒட்டிக் குடுங்க, போதும்" என்றாள் ஸ்டெல்லா. ஜெனி ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா பேப்பர்ல கோடே இருக்காதும்மா" என்றாள். அண்ணாச்சி டிபன் பாக்ஸை மூடினார். "இது தடிச்ச பேப்பர் தாயி. ரெண்டு நாள் தூங்க வைக்கணும்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். ரோஸ் சார்ட் இரண்டு, நீலப் பேனா இரண்டு, சிவப்புப் பேனா இரண்டு வாங்கி வைத்திருந்தார். தரையில் ஐந்து துண்டும் சேர்த்து வைத்திருந்தது. மணிக்கட்டு இருந்தது. சுண்டுவிரல் முழுசாக இருந்தது. உள்ளங்கை முக்கால்வாசி இருந்தது, அதன் நடுவில் பிள்ளையின் சிவப்புக் கையும் ஏறக்குறைய இருந்தது. கட்டைவிரல் இல்லை. நடு மூன்று விரலும் பாதியில் நின்றன.

"நுனி இல்லையே தங்கச்சி. விரல் எம்புட்டு நீளம்னு நான் எதை வச்சு வரைய?"

"உங்க கையை வெச்சு முடிங்க அண்ணாச்சி. யாருக்குத் தெரியப்போகுது?"

வரைந்தார். அவருடையது துணி மடித்த கை, மெலிசு. அந்த மெலிசு விரல் இந்த அகல உள்ளங்கையில் உட்காரவில்லை. இரண்டு பேர் கையைச் சேர்த்து வைத்த மாதிரி விகாரமாக இருந்தது. நான்தான் சொன்னேன்: "பாத்தா ஒரே கையா இருக்கணும். உள்ளங்கையையும் கொஞ்சம் குறுக்கிடுங்க." இரண்டாவது சார்ட்டில் குறுக்கினார். சுண்டுவிரலையும் குறைத்தார். கடைசியில், உள்ளே இருந்த சிவப்புக் கையைத் தவிர, அது முழுக்க அண்ணாச்சியின் கையாகவே ஆகிவிட்டது. தேத்தண்ணி தொட்டுக் கொஞ்சம் பழசாக்கினார்.

"பிள்ளைக்கு இதைக் குடுப்போம். வாசலுக்கு வந்ததும் அவ அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லி, அசல் துண்டு அஞ்சையும் அவ கையில குடுத்துரணும். அது அவங்க பொருள். என்ன சொல்லுதீங்க?" என்றார். சரி என்றேன். மனசாரத்தான் சரி என்றேன்.

போனோம். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி ஐந்து துண்டையும் எடுத்து ஜெனிக்குக் காட்டினார். கசக்கினார். மூன்று தடவை ஊதினார். விரித்தார். முழு ரோஸ் தாள், முழுக் கை, கறை இல்லை, கோடு இல்லை. ஜெனி வீல் என்று கத்திக்கொண்டு அதைப் பிடுங்கிக்கொண்டாள். தன் கையை அதன்மேல் வைத்தாள். "அம்மா, அப்பா கை வந்துச்சு, வந்துச்சு" என்று குதித்தாள்.

ஸ்டெல்லா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எப்டிய்யா ஒட்டுன? கிழிஞ்ச பட்டுக்கு ராஃபு தையல் போட்ட மாதிரி தழும்பே தெரியலயே" என்றாள். தாளை முகத்தோடு அழுத்திக்கொண்டாள். அந்த உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள். ஒன்றல்ல, நாலைந்து. ஒன்றரை வருஷமாக அழாதவள் மாதிரி அழுதாள்.

அண்ணாச்சி சட்டைப்பைக்குள் கையை விட்டார். "இந்தாங்கம்மா, ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "வாயைத் திறக்காதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த அழுகையைக் கெடுக்க மனசு வரவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி. அந்தத் தெருவில் இரண்டு பெண்கள், சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கிற புது நன்மை விழாவுக்கு என் நம்பரைக் கேட்டு நின்றிருந்தார்கள். அது மீதி.

அதற்குப் பிறகு அவர் ஒட்டுகிற வித்தையை விட்டுவிட்டார். பொம்மை வரிசை செய்வார், ஏணி இழுப்பார், நிறுத்திவிடுவார். குழந்தைகள் கேட்டால், "மாமாவுக்கு மறந்துபோச்சு" என்பார். ஒரு நாள் ஸ்டேஷன் பேப்பர்காரர் என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, உன் ஆளு ஒரு பேப்பர்தான் வாங்குறாரு. ஒரு கண்ணு போயிடுச்சா?" என்றார். நான் சிரித்துவைத்தேன்.

நாலைந்து தடவை ஆபீசுக்கு வந்தார். வந்து நிற்பார். "தங்கச்சி, அந்தப் பிள்ளை பொருள் என்கிட்ட இருக்கு. போயி குடுத்துட்டு வந்துரலாம். நீங்களும் வாங்க, எனக்குத் தனியாப் போக நெஞ்சு வரல." ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்லி அனுப்பினேன். கடைசித் தடவை எனக்கு வேறு ஏதோ எரிச்சல். பாவி, வாயை விட்டேன்.

"போயி என்னன்னு சொல்வீங்க? நீ முத்தம் குடுத்தது உன் புருஷன் கைக்கு இல்லம்மா, என் கைக்குன்னா?"

அண்ணாச்சி என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஒரு குடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதை எடுக்கத் திரும்பி வரவில்லை.

அப்புறம் ஸ்டெல்லா போன் செய்தாள். "அக்கா, அந்தப் பேப்பர் மாமா ஞாயித்துக்கெழம ஆனா நம்ம கரையில சுத்திகினு கீறாரு. இன்னாவோ பொறுக்குறாரு. வூட்டாண்ட வான்னா வரமாட்டேன்றாரு. மண்டை கிண்டை கொழம்பிடுச்சா?" எதைப் பொறுக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. காற்றில் போய் எத்தனையோ மாசமாகியிருந்த மூன்று துண்டு. வயசாகிறதில்ல, விடு என்று சொல்லிவைத்தேன். அவரைப் போய்ப் பார்த்திருக்கலாம். டவுன் பஸ் ஏறினால் பாலவாக்கம் என்ன சீமையிலா இருக்கிறது? போகவில்லை.

போன வருஷம் ஒரு காலை அவர் வீட்டுக்காரர் கூப்பிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். சொந்தம் என்று யாரையும் தெரியவில்லை, அலமாரியில் என் கார்டு இருந்ததாம், இரண்டு. நானும் வீட்டுக்காரரும் பேப்பர்காரரும் சேர்ந்துதான் எல்லாம் செய்தோம். அறையைக் காலி செய்யும்போது எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தது. டம்ளர் இரண்டு, சீப்பு இரண்டு, போர்வை இரண்டு. தலையணைக்கு அடியில் ஒரு காக்கிக் கவர் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. மேலே ஜெனியின் பெயரும் தெருவும் அவர் கையெழுத்தில் இருந்தன.

உள்ளே அந்த ஐந்து துண்டு. கூடவே ஒரு கை நிறைய ரோஸ் காகிதம். கல்யாணப் பத்திரிகை முனை, வெடிச்சுற்று, ஐஸ்கிரீம் மூடியில் இருந்து பிய்ந்தது, உப்பில் ஊறி வெளுத்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. வைத்துப் பார்த்திருக்கிறார். பொருந்தவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன், வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கவர் ஒரு வருஷம் என் பீரோவில் கிடந்தது. போன மாதம் ஜெனிக்குப் பதிமூன்றாவது பிறந்தநாள். இந்தத் தடவை கொடுத்தே தீருவது, திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ரோஸ் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அதே இடத்தில் மாட்டியிருந்தார்கள். ஜெனி வளர்ந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, இங்க பாருங்களேன். ஒவ்வொரு பர்த்டேக்கும் வெச்சுப் பாப்பேன். இந்த வருஷம் வந்துட்டேன்!"

கண்ணாடிமேல் கையை வைத்தாள். நீலக்கோட்டின் மேலேயே அவள் விரல்கள் வந்து நின்றன. நூல் அளவுகூட மிச்சம் இல்லை.

"எங்கப்பா கை அளவுக்கு வந்துட்டேன்" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை. என் கைப்பைக்குள் இருந்த அசல் துண்டின் சுண்டுவிரல் மட்டுமே அவள் சுண்டுவிரலைவிட ஒரு கணு நீளம். முந்தின நாள் ராத்திரிகூட எடுத்து என் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஜிப்பில் கையை வைத்தேன்.

"கிழிக்கிற மாமா எப்டிக்கா கீறாரு? அவர் இல்லன்னா இது ஏது?" என்றபடி ஸ்டெல்லா கேக் தட்டோடு வந்தாள். மகள் கை வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னாக்கா. அவன் கை இன்னும் பெர்சுன்னுதான் நான் நெனச்சுகினு இருந்தேன். என் மூஞ்சிய ஒத்தக் கையால மூடிடுவான். இதுல அவ்ளோ இல்ல பாரு. எனக்குதான் மறந்து பூடுச்சு போல."

நான் ஜிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேக்கை வாங்கிக்கொண்டேன்.